வீட்டிலிருந்து வேலை: பச்சைப் புள்ளியை மறந்துவிட்டு உங்கள் நேரத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். டீமில் பாதிப் பேர் பெங்களூரில், மீதிப் பேர் நியூ ஜெர்சியில். காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மூட இரவு பத்தரை ஆகிறது. நடுவில் சமையல், பையனின் பள்ளி, கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் மாமியார். இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் டீமில் நான் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் வேலை நேரம் எது என்று வீட்டுக்கும் தெரியவில்லை, ஆபீசுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் நாள் முழுக்க இழுக்கிறது. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

நியூ ஜெர்சியில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30. அவர்கள் ஆபீசோடு பேச உங்களுக்குத் தேவை அதன்பின் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். அதற்காகக் காலை ஒன்பதிலிருந்தே காத்திருக்க வேண்டாம். உங்கள் நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 10 முதல் 1.30 வரை, அப்புறம் 4.30 முதல் 8.30 வரை. மொத்தம் ஏழரை மணி நேரம். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் முழுக்க உங்களுடையது. சாப்பாடு, பையன் பள்ளியிலிருந்து வருவது, கொஞ்சம் கண்ணயர்வது எல்லாம் அதற்குள் அடங்கும்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மாலை ஏழரைக்கு அவர்களோடு நீங்கள் வைத்திருக்கும் மீட்டிங் எட்டரைக்குப் போய்விடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை, ஏறக்குறைய நான்கு மாதம் இப்படித்தான். பையன் தூங்கும் நேரத்தில் இது இடிக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் மீட்டிங்கை அவர்கள் நேரப்படி ஒரு மணி நேரம் முன்னால் வைக்கச் சொல்லி அக்டோபரிலேயே கேளுங்கள். நியாயமான கோரிக்கை இது. நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

மாமியார் அடிக்கடி கூப்பிடுவதற்குக் காரணம், நீங்கள் எப்போது ஓய்வாக இருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியாததுதான். "ஒன்றரைக்கு வந்துவிடுவேன் அத்தை" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு எழுந்து போங்கள். ஒன்றரை என்று சொல்லிவிட்டு இரண்டேகாலுக்குப் போனால் மறுநாள் பன்னிரண்டுக்கே கூப்பிடுவார். அதில் அவர் தப்பு எதுவுமில்லை.

இனி டீம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பில் ஐந்து நிமிடம் மவுஸைத் தொடாவிட்டால், நீங்கள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதற்காகவே நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அந்தப் புள்ளியை வைத்து யாரும் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நினைவில் நிற்பது நீங்கள் எழுதுவதுதான். லாகவுட் செய்யும் முன் டீம் சானலில் இப்படி ஒரு குறிப்புப் போடுங்கள்:

"லாகின் டெஸ்ட் 14 கேஸில் 11 பாஸ். 3 ஃபெயில், ஓடிபி தாமதமாக வருகிறது, லாக் ஃபைல் இணைத்திருக்கிறேன். பேமெண்ட் பக்கம் தொடங்க டெஸ்ட் சர்வர் அனுமதி வேண்டும், இன்று கொடுத்தால் நாளை காலை ஆரம்பித்துவிடுவேன்."

நீங்கள் இதைப் போடும்போது அவர்களுக்கு முற்பகல். நீங்கள் தூங்கும் நேரத்தில் அனுமதி வந்துவிடும். "டெஸ்டிங் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒற்றை வரி எழுதினால் எதுவும் நகராது.

எழுத்து மட்டும் போதாது. பெங்களூர் ஆட்களில் ஒருவரை வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு வேலை தவிர வேறெதாவது பேசுங்கள். யாருக்குப் பதவி உயர்வு, எந்த புராஜெக்ட் முடியப்போகிறது என்பதெல்லாம் மீட்டிங்கில் வராது, இப்படித்தான் காதுக்கு வரும். அடுத்த வெளியீட்டைத் திட்டமிடும் ரிலீஸ் பிளானிங் நடக்கும் வாரத்தில் முடிந்தால் நேரிலேயே போய்விடுங்கள். ரயிலில் ஆறேழு மணி நேரம்தான்.

புதிய நேரத்தை மேனேஜரிடம் "ஒரு மாதம் முயன்று பார்க்கலாம்" என்று கேளுங்கள். நிரந்தரமாகக் கேட்டால் தயங்குபவர்கள் ஒரு மாதத்துக்குச் சம்மதிப்பார்கள். அவர் சரி என்றதும் அன்றே காலெண்டரில் 1.30 முதல் 4.30 வரை பிளாக் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் அந்த இடத்தில் யாராவது மீட்டிங் போட்டுவிடுவார்கள்.