பத்து நிமிடத்தில் ஒத்தக்கடை

கேள்வி: ஐயா, என் மகனுக்கு வயது 22. போன மாதம் மேலூரிலிருந்து ஒத்தக்கடைக்கு, ஏறக்குறைய 18 கிலோமீட்டர், பத்தே நிமிடத்தில் காரை ஓட்டி வந்தான். சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிடுவான். மார்பை அழுத்தினால் கை ஓடாதாம். கண்டித்தால், "கார் ரேஸே ரோட்டில்தானப்பா ஆரம்பித்தது" என்கிறான். இவன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் போல வருவானா?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து நிமிடத்தில் 18 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 108. சிட்டம்பட்டி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்த நேரத்தைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 1903 மே மாதம் நடந்த பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் ஃபெர்னாந்த் கேப்ரியல் என்பவர் மோர்ஸ் என்ற காரில் போர்தோ நகரம் வரை வந்தார். அவருடைய சராசரி வேகம் மணிக்குச் சுமார் 105. ஆக, ஏசி, பவர் ஸ்டீயரிங், நான்கு வழிச்சாலை எல்லாம் வைத்துக்கொண்டு உங்கள் பையன் 120 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதரை மூன்று கிலோமீட்டர் வேகத்தில் முந்தியிருக்கிறான். அந்த மனிதர் ஓட்டியது 550 கிலோமீட்டர், அதுவும் முன்னால் போன வண்டிகள் கிளப்பிய புழுதிக்குள்.

கார் ரேஸ் ரோட்டில்தான் ஆரம்பித்தது என்று பையன் சொல்வது சரிதான். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை ஓட்டினார்கள். மறு வருடம் பாரிஸ்–போர்தோ–பாரிஸ். அதில் எமில் லெவசோர் கிட்டத்தட்ட 49 மணி நேரம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். சராசரி வேகம் 24 கிலோமீட்டர். அவருடைய வண்டியில் இரண்டு சீட்தான் இருந்தது, விதிப்படி நான்கு வேண்டும் என்று முதல் பரிசை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பந்தயமும் பஞ்சாயத்தும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன.

ஆனால் பையன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டான். மேலே சொன்ன அந்த 1903 பந்தயம் மாட்ரிட் போய்ச் சேரவே இல்லை. ஒரு வண்டி எழுப்பிய புழுதியில் பின்னால் வந்தவனுக்கு ரோடும் தெரியவில்லை, ரோட்டில் நின்ற ஆளும் தெரியவில்லை. ஓட்டியவர்களும் செத்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செத்தார்கள். ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் போனார். பிரெஞ்சு அரசு போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. கார்களை ஸ்டேஷன் வரை குதிரை கட்டி இழுத்துப்போய் ரயிலேற்றினார்கள் என்று சொல்வார்கள். ஊருக்கு ஊர் பொது ரோட்டில் ஓட்டும் பழக்கம் அங்கே அன்றோடு ஒடுங்கியது. அதன் பிறகு ரோட்டை அடைத்து ஒரே வட்டத்தில் சுற்றினார்கள். 1907-இல் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்று பந்தயத்துக்கென்றே ஒரு தடம் கட்டினார்கள்.

இத்தாலிக்காரர்கள் மட்டும் விடாப்பிடியாக மிலே மிலியா என்று 1,600 கிலோமீட்டரை ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1955-இல் ஸ்டெர்லிங் மோஸ் என்பவர் அதைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் முடித்தார். சராசரி 157 கிலோமீட்டர். பையன் இதைக் கேட்டால் குதிப்பான். குதிக்கட்டும், ஆனால் மீதியையும் கேட்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து வந்த டெனிஸ் ஜென்கின்சன், பந்தயத்துக்கு முன்பே மோஸுடன் அந்தப் பாதையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் பதினைந்து அடிக்கு மேல் நீளமான ஒரு காகிதச் சுருளில் எழுதி வைத்திருந்தார். ஓடும்போது சுருளைத் திருகிக்கொண்டே கையால் சைகை காட்டினார், மோஸ் அதை நம்பி ஓட்டினார். தெற்குத்தெரு விலக்கில் எந்த நேரத்தில் எந்த ஆட்டோ திரும்பும் என்று உங்கள் பையன் எழுதி வைத்திருக்கிறானா?

இவ்வளவு ஏற்பாடு நடந்த அந்தப் பந்தயத்தில்தான் 1957-இல் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய போர்தாகோவும் கூட வந்தவரும் இறந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். மிலே மிலியா அதோடு சரி.

வெளிநாட்டுக் கதை எதற்கு? உங்கள் மேலூர்ப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் நடப்பதை நீங்கள் பார்க்காததா? அதுவும் ரோட்டில்தான். ஆனால் மற்ற வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கொடியசைப்பார்கள். பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டு என்கிற சின்ன மாட்டை ஓடவிட எந்த விழாக் கமிட்டியும் சம்மதிக்காது. உங்கள் பையனோடு அன்றைக்கு ஓடியவர்கள் யார்? டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு வந்தவர், சென்டர் மீடியன் இடைவெளியில் பேரனோடு நின்ற பாட்டி. தாங்கள் பந்தயத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பெல்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பந்தயக் காரில் பெல்ட்டை இழுத்து இறுக்குவதற்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும். தோள், இடுப்பு, கால் இடுக்கு என்று ஆறு பக்கம் பிடிக்கும். அப்படிக் கட்டிப்போட்ட பிறகும் அவர்களுக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. ஜாக்கி ஸ்டூவர்ட் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1966-இல் பெல்ஜியத்தில் மழையில் வண்டி தடம் மாறிப்போய், பெட்ரோலில் நனைந்தபடி ஸ்டீயரிங்குக்கு அடியில் சிக்கிக்கொண்டார். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. பார்வையாளர் ஒருவரிடம் வாங்கிக் கழற்றினார்கள். வெளியே வர 25 நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு ஸ்பேனரைத் தன் வண்டியிலேயே ஒட்டி வைத்துக்கொண்டார். பெல்ட் வேண்டும், தடுப்பு வேண்டும், டாக்டர் வேண்டும் என்று சண்டை போட்டார். பயந்தாங்கொள்ளி என்று பேசினார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளி மூன்று முறை உலக சாம்பியன். இதெல்லாம் பழசு என்றால், 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்குமாரின் கார் மோதிச் சுழன்ற வீடியோவைப் பையனிடம் போட்டுக் காட்டுங்கள். கார் நொறுங்கியது, அவர் இறங்கி நடந்து வந்தார். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தால் நடந்திருக்க மாட்டார்.

இனி நரேன். கோயம்புத்தூர்க்காரர். அப்பாவே ராலி ஓட்டியவர். 1992-இல், பதினைந்து வயதில், பிரான்சில் ஒரு ரேஸ் பள்ளிக்குப் போய்ப் படித்தார். ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் காரில் உட்கார்ந்தது 2005-இல். இடையில் பதிமூன்று வருடம் ஓடியது எல்லாம் தடத்தில். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினாரே, அது எப்படி நடந்தது தெரியுமா? மிஷெலின் டயர் அங்கே இருந்த சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட பதினான்கு வண்டிகளும் பந்தயம் தொடங்கும் முன்பே பிட் எனப்படும் வண்டி பராமரிக்கும் இடத்துக்குத் திரும்பிவிட்டன. உலகத்தின் பெரிய பெரிய ஓட்டிகள் அதில் இருந்தார்கள். மிச்சம் ஓடியது ஆறே கார். உங்கள் பையனிடம் டயர் எப்போது மாற்றியது என்று கேட்டுப் பாருங்கள்.

வருவானா என்று கேட்டீர்கள். 22 வயதில் தொடங்கி ஃபார்முலா ஒன்னுக்குப் போவது நடக்காது. நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. ராலி, உள்ளூர்த் தடப் பந்தயம் என்றால் வயது இன்னும் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற தடம், இரண்டும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. பயிற்சி எடுத்து, பந்தய உரிமம் வாங்கி, ஸ்டாப் வாட்ச் வைத்து ஓட்டிக் காட்டட்டும். செலவு பிடிக்கும். உங்களால் முடியாவிட்டால் அதையும் அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கோவைக்குப் போவதாக இருந்தால் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள். கார் சாவி வீட்டில் இருக்கட்டும்.