நெடுஞ்சாலைக்கும் முகாமுக்கும் எந்த வேகன்?

நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுவோம், விடுமுறையில் கூடாரம் போடவும் போவோம்; சாதாரண வேகன் போதுமா, உயர்த்திய வேகன் வேண்டுமா என்பது கேள்வி.

செடானின் கூரையைப் பின்முனை வரை நீட்டி, டிக்கியை இருக்கைப் பகுதியோடு சேர்த்துவிட்டால் அதுதான் வேகன். அதையே தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைத்தால் உயர்த்திய வேகன். வால்வோ வி60 இரண்டு வடிவிலும் வந்திருக்கிறது: சாதாரணம் ஒன்று, கிராஸ் கன்ட்ரி மற்றொன்று. சுபாரு அவுட்பேக் 1990-களிலிருந்தே உயர்த்திய ரகம். அமெரிக்காவில் விற்கும் அவுட்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தரை இடைவெளி, அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள தூரம், 8.7 அங்குலம்.

உயரம் ஏன் முக்கியம்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், அப்புறம் தலையில் வைத்துத் திரும்புங்கள். எடை மேலே போகப் போக ஆட்டம் கூடும். அதனால்தான் தாழ்வான வேகன் வேகத்தில், வளைவில் அடக்கமாகப் போகிறது. காற்றின் தடையும் குறைவு. ஆனால் முகாமுக்குப் போகும் மண்பாதையில் ஒரு கல் போதும், அடிப்பகுதி உரசிவிடும்.

என் கணக்கு இது: வருடத்தில் ஓரிரு முறைதான் மண்பாதை என்றால் தாழ்வானதே போதும். மாதாமாதம் மலை, பனி, சேறு என்றால் உயர்த்தியதை வாங்குங்கள். எதுவானாலும் கனமான சாமானைக் கூரையில் ஏற்றாதீர்கள், குடம் தலைக்குப் போய்விடும்!

பனி, சேறு என்றதும் இன்னொன்று: நான்கு சக்கர இயக்கம் (எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவது) இருந்தால் வழுக்கும் சாலையில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது கிளம்பவும் ஏறவும்தான் உதவும், நிறுத்துவது டயரும் பிரேக்கும்.