ஸ்பேட் எட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பை முலுண்டில் இருக்கிறேன். லோக்கல் ரயிலில் நசுங்கி வீடு வந்து சேர ஒன்பது மணியாகிவிடும். அப்புறம் தனியாக உட்கார்ந்து ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்ட் கேம்’ ஆடுவேன். நாலு பேர் வரை ஒரே கட்சியாகச் சேர்ந்து ஆட்டத்தை எதிர்த்து ஆடலாம், ஒருவர் மட்டுமாகவும் ஆடலாம். என் நாயகர்கள் அரகார்ன், எயோவின், பெராவோர். டெக்கில் (நானே சேர்த்த சீட்டுக்கட்டில்) 62 அட்டைகள். அண்டுயின் நதிப் பயணம் என்ற கட்டத்தில் தொடக்கத்திலேயே வரும் ஹில் ட்ரோல் என்ற அரக்கன் அட்டை என்னை அடித்துப் போட்டுவிடுகிறது. முதல் சுற்று மோசமாக அமைந்தால் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். அப்படியும் பத்துக்கு ஆறு தோல்வி. எந்த 12 அட்டைகளை நீக்கலாம்? அரகார்னை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். புதிய பெட்டிகள் வாங்க வேண்டுமா? அட்டைகளுக்கு உறை அவசியமா? தமிழில் இப்படி ஓர் ஆட்டம் ஏன் வரவில்லை?

க.

அன்புள்ள க.,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சீட்டுக்கட்டு கிடைத்தது. அது மேசை மேல் இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் சொல்லும் ஆட்டம் என் வீட்டிலும் இருக்கிறது. 2011-ல் வந்த பழைய பெட்டி, மகன் விட்டுப்போனது. விதிப்படி குறைந்தது 50 அட்டைகள் வேண்டும். நீங்கள் 62 வைத்திருப்பதற்கு எதையும் விட மனசு வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. மூன்று பிரதி உள்ள ஓர் அட்டை முதல் ஆறு சீட்டுக்குள் வர 50-ல் 32 சதவீத வாய்ப்பு, 62-ல் 27. இந்த ஐந்து சதவீதத்தை நீங்களே தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அரகார்னை எடுத்துவிடுங்கள். எடுக்கச் சொல்லாதீர்கள் என்று எழுதும்போதே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவருக்கு 12, எயோவினுக்கு 9, பெராவோருக்கு 10, ஆக உங்கள் த்ரெட், அதாவது ஆபத்தின் அளவு, 31-ல் தொடங்குகிறது. ஹில் ட்ரோல் 30-ஐத் தொட்டவர் மேல் பாயும். தாக்குதல் 6, உயிர் 9. முதல் சுற்றிலேயே அதைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அடிக்கிறது என்று புகார் சொன்னால் எப்படி? 8 மட்டுமே கேட்கும் தியோட்ரெட் என்ற நாயகரை அவர் இடத்தில் கொண்டுவந்தால் 27. சுற்றுக்கு ஒன்றுதான் ஏறுகிறது என்றால் ட்ரோல் நாலாவது சுற்றில்தான் வரும். அதற்குள் ஆள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மூன்று நாயகர்களும் மூன்று வேறு பிரிவு. ஒருவர் காசு இன்னொருவர் அட்டைக்குச் செல்லாது. சுற்றுக்கு ஆளுக்கு ஒரு காசுதான். எயோவின் பிரிவில் மூன்று காசு அட்டை என்றால் மூன்று சுற்று காத்திருக்க வேண்டும். வெட்டுவதை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

புதிய பெட்டி வேண்டாம். தமிழில் ஏன் வரவில்லை என்பதை இன்னொரு நாள் பேசலாம், இன்றைக்கு அந்தச் சண்டைக்குத் தெம்பில்லை.

எனக்கு உறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. “முதல் சுற்று மோசமாக அமைந்தால் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.” அடடா.

என் பெரியப்பா டோம்பிவிலியிலிருந்து மும்பையின் கோட்டை (ஃபோர்ட்) பகுதிக்கு வேலைக்குப் போனவர். ரயிலில் நாலு பேர் மடியில் ப்ரீஃப்கேஸைப் படுக்கவைத்து அதன்மேல் ரம்மி ஆடுவார்கள். தாதர் வருவதற்குள் ஒரு ஆட்டமாவது முடிந்துவிடும். ஒருநாள் முலுண்ட் அருகே காற்றில் ஒரு சீட்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. ஸ்பேட் எட்டு. உங்கள் ஊர் தண்டவாளத்தோரம்தான் எங்கோ மட்கியிருக்கும். அந்தச் சீட்டுக்கட்டைப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றை அளவாக வெட்டி, நீல மையில் எட்டு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். ஏன் புதுக் கட்டு வாங்கவில்லை என்று கேட்காதீர்கள், அவர் அப்படித்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அதே சீட்டுக்கட்டை வைத்துத் தனியாகப் பேஷன்ஸ் ஆடுவார். ஏழு வரிசை, 28 சீட்டு, அதில் 21 கவிழ்ந்திருக்கும். அந்த எட்டின் முதுகில் மட்டும் மஞ்சள் தடவிய மூலையும் பாதிப் பிள்ளையாரும். எங்கே கவிழ்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். எனக்குப் பத்து வயது. “பெரியப்பா, எட்டு அந்த நாலாவது வரிசையில் இருக்கு, அதை முதல்ல திறங்க” என்பேன். “அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதுடா” என்பார். எரிச்சலாக வரும். கண் முன்னால் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறாரே!

அவர் அதற்கென்று ஒரு விதி வைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு நகர்த்தல்களில் எது என்று குழப்பம் வந்தால் எப்போதும் இடப்பக்கம். பிள்ளையார் வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம்தான். தோற்றால் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்குவார். பெரியம்மாவோ, யமனே வந்தாலும் இந்த ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்பார் என்று திட்டிக்கொண்டே காபி கொண்டுவந்து வைப்பாள்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விதியே ஒரு முறை முதலில் கைக்கு வந்த அட்டைகளை மாற்றிக்கொள்ள விடுகிறது. அந்தக் கருணை போதாமல் ஆட்டத்தையே கலைக்கிறீர்கள். யாரும் பார்க்கவில்லை, உண்மைதான். நான் ஒழுக்கம் பேச வரவில்லை. ஆனால் அந்த மோசமான முதல் சுற்றில் கையில் செத்துக் கிடந்த அட்டைகள் எவை என்று உங்களுக்கு இப்போது நினைவிருக்கிறதா? இருக்காது. என்னிடம் கேட்ட அந்த 12 பெயர்கள் அங்கேதான் இருந்தன, கலைத்துவிட்டீர்கள். உங்கள் டெக் இப்போது நல்லபடியாகத் தொடங்கும் ஆட்டங்களுக்கு மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில்கூட பத்துக்கு ஆறு!

பத்து ஆட்டம் ஆடுங்கள், ஒன்றையும் கலைக்காமல். ஒவ்வொரு தோல்வியின் முடிவிலும் கையில் என்ன மிஞ்சியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்களை எடுங்கள். அரகார்ன் போனதும் மனசு ஆறாமல் அவருக்காகவே வைத்திருக்கும் அட்டைகளையும் சேர்த்து எடுங்கள், அதற்கு எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

உறை கேட்டீர்கள். போடுங்கள். ஜூலை மாதத்து மும்பையில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பின்பக்கம் ஒளி புகாத உறையாகப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் எல்லா முதுகும் ஒன்றுபோல இருக்கும். பெரியப்பா காலத்தில் அப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் அந்த எட்டுக்குப் போட்டிருப்பாரா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். போட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.