சும்மா ஒரு கீறல்தானே, டாக்டர்?

பிப்ரவரி 6, பெண் உறுப்புச் சிதைப்புக்கு எதிரான உலக நாள். மருத்துவக் காரணம் இல்லாமல் பெண்குறியை வெட்டுவது, கீறுவது எல்லாம் இதில் வரும். அதையொட்டி எழுதிய குறிப்புக்கு நம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்றிருந்தார்கள். ஆகவே யார் பெயரையும் போடவில்லை.

அக்கா மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாற்பது நாளுக்குள் ஒஸ்தா மாமி (அங்கே இதைச் செய்கிற பெண்) வந்து செய்துவிடுவாராம். "சும்மா ஒரு கீறல்தான்" என்கிறார் அவள் மாமியார். பயமாக இருந்தால் டாக்டரை வைத்தே செய்யலாமாம். செய்யலாமா? (மேல்விஷாரம்)

வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு அந்த இடம் எவ்வளவு சிறியது என்று குளிப்பாட்டுகிறவர்களுக்குத் தெரியும். கிளிட்டோரிஸ், அதாவது பெண்குறியின் மேல்முனையில் இருக்கும் சின்ன மொட்டு, ஓர் அரிசிமணி அளவு இருந்தால் அதிகம். அதை மூடியிருக்கும் தோல் அந்த வயதில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடு தோலோடு நின்றதா, தாண்டிப் போனதா என்று செய்கிறவருக்கே தெரியாது. குழந்தையோ காலை உதைத்துக்கொண்டிருக்கும். நரம்பும் ரத்தக்குழாயும் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. ரத்தப்போக்கு, சீழ், பின்னாளில் தழும்பு, நீர்க்கட்டி, தொட்டாலே வலி எல்லாம் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நான்கு வகைகளில் குத்துவதும் கீறுவதும் நான்காவது வகையில் வருகின்றன. 'சும்மா' என்று ஒரு வகை அதில் இல்லை.

டாக்டர் செய்தால் கிருமித்தொற்று கொஞ்சம் குறையலாம். ஆனால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டால் குழந்தை துடிக்காது, வெட்டு இன்னும் ஆழமாகப் போகவும் வாய்ப்புண்டு. எகிப்தில் 2007-லும் 2013-லும் இறந்த சிறுமிகளுக்கு அதைச் செய்தவர்கள் மருத்துவர்கள்தான். எந்த நோய்க்கும் இது சிகிச்சை இல்லை. இதைச் செய்யும் டாக்டர் என்ன படித்தார் என்றுதான் நான் கேட்பேன்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யக்கூடாது என்று இலங்கை சுகாதார அமைச்சு 2018-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. "டாக்டருங்களே செய்யக் கூடாதாம், மாமி" என்று உங்கள் பெண் சொல்லட்டும். குழந்தையின் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் எடுபடும்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். நான் முஸ்லிம். இதைப் பற்றிய வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, "உங்க ஆளுங்க இப்படித்தானா?" என்று கேட்கிறார்கள். பாட்டி காலத்திலும் எங்கள் வீட்டில் இப்படிக் கேள்விப்பட்டதில்லை. (ஆம்பூர்)

குர்ஆனில் இது இல்லை. எகிப்து, எத்தியோப்பியா கிறிஸ்தவர்களிடமும் இருக்கிறது. உலக முஸ்லிம்களில் பெரும்பாலோரிடம் இல்லை. 2007-ல் எகிப்தின் தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) அலி கோமாவே இது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டார். இந்தியாவில் பெரும்பாலும் தாவூதி போரா சமூகத்தில், ஏழு வயது வாக்கில் 'கத்னா' என்று நடக்கிறது. அதை முதலில் வெளியே கொண்டுவந்ததும் அந்தச் சமூகத்துப் பெண்கள்தான். கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி சூடானைச் சேர்ந்தவள். மாதவிலக்கு நாட்களில் துடிக்கிறாள், சிறுநீர் கழிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறாள். (காட்பாடி)

சூடானில் நடந்த கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பெண்களுக்கு மேல் இது நடந்திருப்பதாகத் தெரிந்தது. வெட்டியபின் பெண்ணுறுப்பின் வாயைச் சேர்த்துச் சின்னத் துவாரம் மட்டும் விட்டுவிடுவது மூன்றாவது வகை. அங்கே அது அதிகம். சிறுநீரும் மாதவிலக்கு ரத்தமும் அந்தத் துவாரம் வழியாகத்தான் கசிய வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதோடு பொருந்துகின்றன, ஆனாலும் பார்க்காமல் முடிவு கட்ட முடியாது.

ஒட்டிய இடத்தைத் திறந்துவிடும் சிறு அறுவை சிகிச்சை இருக்கிறது. பிரசவம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் பயப்படுவது கத்திக்காக இருக்காது, கூட்டத்துக்காக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அபூர்வமாக ஒன்று வந்தால் மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துக் காட்டும் பழக்கம் நமக்கு உண்டு. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முன்கூட்டியே பெண் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். "ஒருவர் மட்டும் பார்த்தால் போதும், மாணவர்கள் வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. அறையில் நீங்களும் கூட இருங்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா? எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? (குடியாத்தம்)

தனிச் சட்டம் இல்லை. குழந்தைக்கு நடந்தால் காயம் விளைவித்தல் பிரிவுகளிலும் போக்சோவிலும் வழக்குப் போடலாம் என்பது வாதம். தடை கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2018-ல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. உலக அளவில் 23 கோடிக்கு மேல் என்று யுனிசெஃப் 2024-ல் சொன்னது. நம் நாட்டுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. இப்படி நடப்பதற்கு அதிகாரபூர்வத் தரவே இல்லை என்று 2017-ல் மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எத்தனையோ கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. கேட்காமல் தரவு எங்கிருந்து வரும்?

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறேன். இதைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்? (ராணிப்பேட்டை)

18 வயதுக்குக் கீழுள்ள பெண் தனக்கு நடந்ததாகச் சொன்னாலோ, பரிசோதனையில் அடையாளம் தெரிந்தாலோ, நீங்களே போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். 2015 அக்டோபரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது சட்டம். சீனியரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்க முடியாது. அடுத்த வேலைநாள் முடிவதற்குள் சொல்லிவிடுவது நல்லது. வயதுவந்த பெண்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே அவர்களுக்கென்றே தனி கிளினிக்குகள் உண்டு, அனுப்பிவையுங்கள்.