பேரிங் மாற்றியும் மோட்டார் அதிர்வது நிற்கவில்லை, எங்கே கோளாறு?

புளோயர் (காற்றூதும் விசிறி) ஓட்டும் 22 கிலோவாட், 4 போல் (காந்த முனை) மோட்டார். பேரிங் புதுசு, அலைன்மென்ட்டும் (மோட்டார், புளோயர் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது) பார்த்தாயிற்று, அதிர்வு மீட்டர் இன்னும் 6 மிமீ/விநாடி காட்டுகிறது, அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஐஎஸ்ஓ 10816-3 (அதிர்வு அளவுகளுக்கான தரநிலை, 2022 முதல் ஐஎஸ்ஓ 20816-3) படி, உறுதியான அடித்தளத்தில் இருக்கும் இந்த அளவு மோட்டாருக்கு 4.5 மிமீ/விநாடியைத் தாண்டினாலே ஆபத்துதான். ஆனால் அந்த ஒரு எண் காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்கு எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று பார்க்க வேண்டும், அதாவது ஸ்பெக்ட்ரம்.

அதற்கும் முன்னால், காசே செலவில்லாத ஒரு சோதனை. முழு வேகத்தில் ஓடும்போது அதிர்வைப் பார்த்துக்கொண்டே மின்சாரத்தைத் துண்டியுங்கள். அதிர்வு அந்தக் கணமே விழுந்தால் காரணம் மின்காந்தம்: ஸ்டேட்டர் (நிலையான பகுதி), ரோட்டார் (சுழலும் பகுதி), இரண்டுக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி, இந்தப் பக்கம் தேடுங்கள். வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கினால் மெக்கானிக்கல். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் ராம்ப் வைத்து, அதாவது படிப்படியாக வேகத்தைக் குறைத்து, நிறுத்தக் கூடாது, தானாகச் சுழன்று நிற்கும்படி கோஸ்ட் ஸ்டாப்பில் வையுங்கள், இல்லையென்றால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

சரி, ஸ்பெக்ட்ரத்துக்கு வருவோம். 1480 ஆர்பிஎம் என்றால் சுழற்சி அதிர்வெண் 24.67 ஹெர்ட்ஸ், இதை 1எக்ஸ் என்பார்கள். ரேடியல் திசையில் (தண்டுக்குக் குறுக்கே) இது மட்டும் உயர்ந்து நின்றால் அன்பேலன்ஸ் (எடை ஒரு பக்கம் கூடியிருப்பது), உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் புளோயர் இம்பெல்லரில் தூசி ஒட்டியிருக்கும். 2எக்ஸும் (அதன் இரண்டு மடங்கு) ஆக்ஸியல் (தண்டின் நீளவாக்கில் வரும்) அதிர்வும் சேர்ந்து தூக்கினால் அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள். வரிசையாக நிறைய ஹார்மோனிக்ஸ் (1எக்ஸின் முழு எண் மடங்குகள்), நடுவில் அரை மடங்குகளும் தெரிந்தால் எங்கோ லூஸ்.

பேரிங் பழுது 1எக்ஸின் முழு எண் மடங்கில் வராது, அதுதான் அதன் அடையாளம். 6205 பேரிங் என்றால் வெளி வளையத்துக்கு 3.58 மடங்கு, உள் வளையத்துக்கு 5.42. பேரிங் எண் தெரியாவிட்டால் உருளைகளின் எண்ணிக்கையை 0.4, 0.6 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். உங்களுக்கு இந்த இடங்களில் எதுவுமே இல்லையென்றால் பழைய பேரிங் மேல் போட்ட பழி வீண்!

இப்போது 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்த இழுப்பு அதைப்போல இரண்டு மடங்கில் அடிக்கும், கொஞ்சம் எல்லா மோட்டாரிலும் இருக்கும். அதிகமாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சாஃப்ட் ஃபுட்டைத்தான். ஒரு கால் சரியாக உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் பாடி முறுக்கிக்கொண்டு காற்று இடைவெளி ஒரு பக்கம் குறுகிவிடும். மோட்டாரை நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, டயல் கேஜில் கால் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். எழும்பும் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 2 போல் மோட்டார் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: 2980 ஆர்பிஎம்மில் 2எக்ஸ் 99.33 ஹெர்ட்ஸ், பக்கத்திலேயே 100. குறைந்த ரெசல்யூஷனில் எடுத்தால் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும், அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக் கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

ரோட்டார் பார் (ரோட்டாருக்குள் இருக்கும் மின்கடத்திக் கம்பி) உடைந்திருந்தால் 1எக்ஸின் இருபுறமும் சின்னச் சின்ன சைட்பேண்ட் (பக்கக் கோடுகள்) வரும். உங்கள் மோட்டாரில் ஸ்லிப் (காந்தப்புலத்தின் 1500 ஆர்பிஎம்முக்கு ரோட்டார் பின்தங்கும் அளவு) 20 ஆர்பிஎம், அதாவது 0.33 ஹெர்ட்ஸ், அதை 4 போலால் பெருக்க 1.33 ஹெர்ட்ஸ் இடைவெளி. லோடு இல்லாமல் ஓட்டினால் இது கண்ணில் படவே படாது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்கு மட்டும் அதிர்வை விட மின்னோட்டத்தின் ஸ்பெக்ட்ரம்தான் நம்பகம்.

முதலில் அந்தத் துண்டிப்புச் சோதனையைச் செய்துவிட்டு, ஸ்பெக்ட்ரம் படத்தோடு பேரிங் எண், அளந்தபோது இருந்த லோடு, விஎஃப்டி உண்டா என்பதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.