டிராம் மேடை நேராக நிற்கவில்லை: ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கொல்கத்தாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். அந்த ஊர் டிராம்களை 1:87 அளவில் மாடலாகச் செய்து வருகிறேன். என் டெப்போவில் ஆறு தடங்கள். பாயிண்ட் (ஒரு தடத்தை இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு) போட்டுப் பிரிக்கப் பலகையில் இடமில்லை. அதனால் டிராமை ஏற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் மேடை (டிரான்ஸ்ஃபர் டேபிள்) ஒன்றை வேறு மாவட்டத்துப் பட்டறையில் செய்யச் சொன்னேன். ரூ.42,000 முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். காலையில் சரியாக நிற்கும் மேடை, பத்து ஓட்டத்துக்குப் பிறகு தள்ளி நிற்கிறது, டிராம் தடம்புரள்கிறது. ஒன்பதாம் நாளே வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். "ஆர்டரின் பேரில் செய்த பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று கொட்டேஷனிலேயே போட்டிருக்கிறோம், உங்கள் பிளைவுட் பலகைதான் வளைந்திருக்கும்" என்கிறார்கள். நானே அரம் போட்டுச் சரிசெய்துகொள்ளட்டுமா, வழக்குப் போடட்டுமா? விளையாட்டுச் சாமானுக்கு வழக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: ஐயா, தயவுசெய்து அரத்தை எடுக்காதீர்கள். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். நீங்கள் கைவைத்த மறுநிமிடம், "அவர் பிரித்துப் பார்த்ததால்தான் கெட்டது" என்று பட்டறைக்காரர் சொல்வார். குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு புகார்தாரருடையது. குறையோடு இருக்கும் அந்த மேடைதான் உங்களிடம் உள்ள முதல் சாட்சி.

வீட்டில் கேட்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருள் விளையாட்டுக்கா வயிற்றுப்பாட்டுக்கா என்று பார்ப்பதில்லை. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். சொந்த ஆசைக்குப் பணம் கொடுத்து வாங்கிய நீங்கள் முழு நுகர்வோர்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலைப் படித்தேன். அதில் இரண்டு வரிகள்தான் இந்த வழக்கின் உயிர். நீங்கள்: "தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., மேடை நீளம் 230 மி.மீ., ஆறு தடம். மோட்டார், ஸ்க்ரூ எல்லாம் உங்கள் இஷ்டம், எல்லாத் தடத்திலும் நேராக நின்றால் போதும்." அவர்கள்: "சரி சார், நாங்க பார்த்துக்கிறோம்." பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். பொருள் எதற்கு என்பதை விற்பவரிடம் சொல்லிவிட்டு, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் சொல்லப்படாத நிபந்தனையாகிவிடும். இதுவே நீங்கள் வரைபடமும் கொடுத்து, இந்த மோட்டார், இந்த ஸ்க்ரூ என்று நீங்களே முடிவுசெய்து, அவர்கள் அப்படியே செய்திருந்தால் என் பதில் வேறு. வடிவமைப்பில் உள்ள பிழை உங்கள் தலையில் விழுந்திருக்கும். ஆர்டர் கொடுத்துச் செய்யும் எந்தப் பொருளிலும், யார் எதை முடிவுசெய்தார் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்து, குறையை அளவாகக் காட்டுங்கள். "சரியாக நிற்பதில்லை" என்று எழுதினால் எடுபடாது. உங்கள் வீடியோவில் நான்காம் தடத்தில் இரண்டு தண்டவாள முனைகளும் 0.8 மி.மீ. விலகி நிற்கின்றன. கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் இந்த அளவு மாடலில் தண்டவாளத் தலையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான், சக்கரத்துக்கு மிதிக்க இடமே இல்லை. படத்தில் இருப்பது ஒரு சுற்றை 200 சின்னச் சின்ன அடிகளாக (step) எடுத்துவைக்கும் ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ. அப்படியென்றால் ஓர் அடிக்கு 0.04 மி.மீ. 0.8 மி.மீ. என்பது இருபது அடிப் பிசகு. இவ்வளவு நுட்பமாக நிற்கக்கூடிய பாகங்களைப் போட்டுவிட்டு, மேடை தன் தொடக்க இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு லிமிட் சுவிட்ச் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். மோட்டார் எங்காவது ஓர் அடி தவறினால், அதைத் திருத்த வழியே இல்லை. ஓட ஓடப் பிசகு கூடுகிறது என்று நீங்கள் சொல்வதற்கு இது பொருந்துகிறது.

பிளைவுட் வாதத்தை வீட்டிலேயே உடைக்கலாம். ஆறு தட முனைகளும் அவர்கள் கொடுத்த அலுமினியச் சட்டத்திலேயே இருக்கின்றன. முழு மேடையையும் அப்படியே தூக்கிச் சமையலறைக் கிரானைட் கல்லின் மேல் வையுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் பத்து முறை ஓட்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் விலகலை அளந்து எழுதுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். கல்லின் மேலும் அதே பிசகு வந்தால் பிளைவுட் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் ஒரு பாலிடெக்னிக் இயந்திரவியல் ஆசிரியரிடம் காட்டி ஒரு பக்க அறிக்கை வாங்குங்கள். நுகர்வோர் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி உண்டு. அப்படி அனுப்பும் வழக்குக்கு ஐந்து மாதம், அது தேவைப்படாத வழக்குக்கு மூன்று மாதம் என்று சட்டம் இலக்கு வைக்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"திரும்ப எடுக்கமாட்டோம்" என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு அது சரி. குறையுள்ள பொருளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அந்த வரி சொல்லவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: மனுவில் இதை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வகைப் புகார்களைக் கேட்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் உண்டு, உங்கள் மனு மாவட்டத்திலேயே சிக்கிக்கொள்ளும். "பொருளில் குறைபாடு" என்று மட்டும் எழுதுங்கள்.

ஒன்பதாம் நாளே சொன்னது மிக நல்லது. நியாயமான காலம் தாண்டிப் பேசாமல் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகப் பொருட்கள் விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கருதும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பதினைந்து நாளுக்குள் அவர்கள் செலவிலேயே எடுத்துப்போய்ச் சரிசெய்ய வேண்டும், ஆறு தடத்திலும் பத்து ஓட்டம் தடம்புரளாமல் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையேல் ரூ.42,000 திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். நேராகப் பணத்தைக் கேட்காமல் பழுதுநீக்கத்தை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலை தெரிந்த பட்டறைகள் நம் பக்கம் மிகக் குறைவு, உங்களுக்கு வேண்டியது ஓடும் டெப்போ. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள், சில சமயம் ஒரு போனிலேயே வழிக்கு வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் திருச்சியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் வசிக்கும் இடமே போதும், அவர்கள் மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்காதீர்கள். விலை, வட்டி, அறிக்கைச் செலவு, நியாயமான ஓர் இழப்பீடு, இவை போதும்.

நோட்டீஸை அனுப்புவதற்கு முன் கிரானைட் கல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அந்த அறுபது அளவுகளையும் நோட்டீஸோடு இணைத்து அனுப்புங்கள்.