கொடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது, வாங்கியவருக்கு இருக்கிறதா?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வாரம் ஒருமுறை காலை வணக்கக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விளையாட்டு வீரரின் நற்செயலை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். சென்ற மாதம் முகநூலில் கண்ட ஒரு கதையை வாசித்தேன். புகழ்பெற்ற டென்னிஸ் வீரர் ஒருவர் தாம் படித்த பள்ளிக்குப் போனபோது, எண்பது வயதிலும் அங்கே துப்புரவுப் பணி செய்துகொண்டிருந்த முதியவரைக் கண்டு மனம் கசிந்து அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார் என்பது கதை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதே கதையை, அதே முதியவரின் படத்தோடு, ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரில் கொண்டுவந்து காட்டினாள். படத்தைப் பார்த்தே இவற்றை இனம்காண வழி உண்டா? ஏற்கெனவே வாசித்துவிட்டதை என்ன செய்வது?

பதில்: படத்தை விட்டுவிடுங்கள், ஐயா. கையில் ஆறு விரல் இருக்கிறதா, காது கோணலாக இருக்கிறதா என்று தேடிய காலம் போய்விட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விரல்களைச் சரியாகவே வரைகின்றன. கூகுள் தன் கருவிகள் உருவாக்கும் படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைப் பதித்துவைக்கிறது என்பதும், ஜெமினி செயலியில் படத்தைக் கொடுத்து அந்த அடையாளம் உண்டா என்று கேட்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அடையாளம் இல்லாமல் வேறு நிறுவனத்தின் கருவியில் செய்த படத்தை அது காட்டிக்கொடுக்காது. ‘இது இயந்திரம் எழுதியதா’ என்று சதவீதக் கணக்கில் சொல்வதாகக் கூறிக் காசு கேட்கும் இணையதளங்கள் வேறு பெருகிவிட்டன. தமிழ் உரைக்கு அவற்றை நம்புவது என்னைப் பொறுத்தவரை பணம் கட்டிச் சோதிடம் பார்ப்பதற்குச் சமம்.

கதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உதவி பெற்றவர் யார்? இத்தகைய பொய்க் கதைகளில் கொடுத்தவருக்கு உலகறிந்த பெயர் இருக்கும், வாங்கியவரோ ‘ஒரு முதியவர்’, ‘ஓர் ஏழைத் தாய்’, ‘சிறிய உணவகத்தின் பணிப்பெண்’ என்றே நின்றுவிடுவார். ஊர் இருக்காது, நாள் இருக்காது. இருந்தாலும் ‘கடந்த செவ்வாய்க்கிழமை’ என்று இருக்குமேயொழிய எந்த ஆண்டின் செவ்வாய் என்று தெரியாது. இதற்குக் காரணம் வணிகம்தான். வாங்கியவருக்குப் பெயரும் ஊரும் கொடுத்துவிட்டால் கதை ஒரே வீரரோடு கட்டுண்டுவிடும், பெயரில்லாமல் விட்டால் டென்னிஸ் வீரரை எடுத்துவிட்டுக் கூடைப்பந்து வீரரைப் பொருத்தி நாளைக்கும் விற்கலாம். உங்கள் மாணவி கண்டுபிடித்தது இதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘கேமராக்கள் இல்லை, விளம்பரம் இல்லை, அமைதியாக வந்து உதவினார்’ என்ற வரி இக்கதைகளில் தவறாமல் வரும். கேமராவே இல்லாத இடத்தில் அந்தப் படத்தை எடுத்தவர் யார், இருவர் மட்டும் பேசிக்கொண்டதைச் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

‘கூகுளில் தேடினேன், பத்து இடங்களில் இருக்கிறது’ என்று சிலர் சொல்வார்கள். பத்தும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதாக இருக்கும். 2023 செப்டம்பரில் மொராக்கோவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மராகெஷ் நகரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெயரைத் தாங்கிய ஹோட்டல், வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்ற செய்தி பெயர்பெற்ற பத்திரிகைகளிலேயே வெளிவந்தது. ஹோட்டல் தரப்பைக் கேட்டபோதுதான் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதற்கும் முன்னால், 2015இல் நேபாள நிலநடுக்கத்தின்போது, அதே ரொனால்டோ ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்புக்குப் பல மில்லியன் யூரோ கொடுத்தார் என்று உலகமே எழுதியது. பணம் பெற்றதாகச் சொல்லப்பட்ட அந்த அமைப்பே அதை மறுத்தது. 2015இல் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஏது? பொய் பழையதுதான், இயந்திரம் அதன் உற்பத்திச் செலவைக் குறைத்திருக்கிறது, அவ்வளவே. இரண்டு பொய்களும் உடைந்தது வீரரை அல்ல, கதையில் வந்த மற்றத் தரப்பைக் கேட்டபோதுதான். வீரர் மறுக்கவில்லையே என்று வாதிடுவதும் பயன்படாது, ஏனென்றால் தம்மைப் புகழும் பொய்யை மறுப்பதற்காக எவரும் வேலையை விட்டுவிட்டு வரமாட்டார். அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் வீரர் ஜேசன் கெல்சி 2025 நவம்பரில் வெளிப்படையாக மறுத்தார் என்றால், தாம் சொல்லாத ஒரு கருத்து, சர்ச்சைக்குரிய ஒரு விஷயத்தில், தம் பெயரில் பரவியதால்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கும் எதையும் பொய் என்று தள்ளும் பழக்கம் உங்கள் மாணவர்களுக்கு வந்துவிடும். ஓர் ஈட்டி எறிதல் வீராங்கனை, ரியோ ஒலிம்பிக்கில் 2 செ.மீ. வித்தியாசத்தில் வெண்கலத்தை இழக்கிறார், பிறகு எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு டோக்கியோவில் வெள்ளி வெல்கிறார், வென்ற சில நாட்களிலேயே, முன்பின் அறியாத ஒரு குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்காக அந்தப் பதக்கத்தை ஏலத்தில் விடுகிறார், ஏலத்தில் எடுத்த கடைக்காரர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதக்கத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். இதை முகநூலில் பார்த்தால் நானே ‘இயந்திரக் கதை’ என்று நகர்ந்துவிடுவேன். ஆனால் இது நடந்தது. அவர் போலந்தின் மரியா ஆண்ட்ரெய்ச்சிக், நடந்தது 2021 ஆகஸ்டில், ஏலம் எடுத்தது ஜாப்கா என்ற போலந்துக் கடைத் தொடர், தொகை 1,25,000 டாலர். அந்தக் குழந்தைக்குப் பெயரும், சிகிச்சைக்கென்று அதற்கு முன்பே திறக்கப்பட்ட நிதி திரட்டும் பக்கமும் இருந்தன. வீராங்கனை தம் பக்கத்தில் எழுதினார், கடை தன் பக்கத்தில் தனியாக அறிவித்தது. வீராங்கனை, குழந்தையின் தரப்பு, ஏலம் எடுத்த கடை ஆகிய மூன்று தரப்பின் பதிவுகளும் தனித்தனியே இருந்து ஒன்றோடொன்று பொருந்தின. ஆகவே நெகிழ்ச்சியின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், எத்தனை தரப்பு வாய் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

இனி இவற்றை உற்பத்தி செய்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘முழுக் கதை முதல் கமெண்டில்’ என்று இருந்தால் தொடாதீர்கள். அந்த இணைப்பு உங்களை விளம்பரம் மண்டிய ஒரு தளத்துக்குக் கொண்டுபோகும். அங்கே ‘தொடர்ந்து படிக்க’ என்று தெரியும் பொத்தானே விளம்பரமாக இருக்கலாம். ‘அறிவிப்புகளை அனுமதி’ என்று கேட்டு, அனுமதித்துவிட்டால் உங்கள் கைபேசிக்கு நாள் முழுவதும் குப்பையை அனுப்புவார்கள். முகநூல் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விவரங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் பெரும்பாலும் கிடைக்கும். சமையல் குறிப்புப் பக்கமாகப் பிறந்து, வீரரின் ‘ரசிகர் மன்றமாக’ வளர்ந்து, கைமாறியபின் சூதாட்டச் செயலிக்கு விளம்பரம் செய்யும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கரின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து ஒரு விளையாட்டுச் செயலிக்கு விளம்பரம் பரப்பியதையும், அவரே வெளியே வந்து மறுக்க நேர்ந்ததையும் நினைவில் வையுங்கள். வீரரின் அறக்கட்டளை என்று சொல்லி யாராவது க்யூஆர் குறியீடு அனுப்பினால் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. போட்டுவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இவர்கள் அனைவரையும்விட எனக்குக் கோபம் வருவது, ‘முகம் காட்டாமல் சேனல் நடத்தி மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்’ என்று பயிற்சி வகுப்பு விற்பவர்கள்மேல்தான். இந்தக் கதைகளை இயந்திரத்தில் எப்படி அச்சடிப்பது என்பதே பெரும்பாலும் அங்கே பாடம். உங்கள் பள்ளிப் பையன்களில் எவனாவது அதில் பணம் கட்டியிருக்கிறானா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

புகார் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யுங்கள். ‘எங்கள் விதிமுறைகளை மீறவில்லை’ என்ற பதில் வரும், எனக்கு வந்த பதில்களை அடுக்கினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். பார்வை எண்ணிக்கைக்கு ஏற்பப் பக்கம் நடத்துபவருக்குப் பணம் கொடுக்கும் நிறுவனமே அந்தப் பார்வையைக் கொண்டுவரும் பொய்யைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது, வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கலாமா என்று யோசனை கேட்பதைப் போன்றது. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியார் செய்யும் உண்மைச் சரிபார்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. எங்களைப் போன்ற சரிபார்ப்பவர்களும் கலவரத்தையும் மருந்தையும் பற்றிய வதந்திகளுக்கே ஓடிக்கொண்டிருப்பதால், யாரையும் புண்படுத்தாத இந்த இனிப்புப் பொய்களை எடுத்துப் பார்ப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாசித்த கதையை, வாசித்த அதே கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். ‘சென்ற மாதம் நான் சொன்னது பொய், இன்னாரென்ற மாணவி கண்டுபிடித்தாள்’ என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். அடுத்த வாரக் கதையை வாசிக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள். ஆண்ட்ரெய்ச்சிக்கின் கதையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக அப்படியே வாசிக்க வேண்டாம், அந்தக் கடையின் அறிவிப்பை முதலில் அவளே தேடிப் பார்க்கட்டும்.